இருபத்தொரு கியர்

லூசேர்னில் இருந்து வந்தது சைக்கிள்,
இரண்டு கம்பளிக்கும் ஒரு தையல் மெசினுக்கும் நடுவில்
கொன்ரெயினரில் மல்லாந்து படுத்தபடி.
அத்தான் ஓடிக் கழித்தது.
சட்டத்தில் ஒரு மலை ஒட்டியிருக்கிறது, உச்சி வெள்ளை.
ஆவரங்காலில் பூட்டித் தந்த குகனேசன்
பின்சில்லுப் பற்களைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"அக்கா, இருபத்தொரு கியர்.
இஞ்ச ரெண்டு காணும்.
மிச்சத்தை வித்துப்போடுங்கோ."

சரிதான்.
எங்கள் பக்கத்தில் ஏத்தம் என்று சொல்ல
மதகுகள் மட்டும்.
மூச்சு வாங்க நினைக்குமுன் முடிந்துவிடும்.

ஞாயிறு, நாலே முக்கால்.
அச்சுவேலியில் இருந்து வெளிக்கிடுகிறேன்.
ஹாண்டிலில் ஒரு வெறும் பை.

பை ஏனென்றால்,
நாற்பத்தாறு வயதில் ஒருத்தி
சும்மா சைக்கிள் உழக்குகிறாள் என்பதை
இந்த றோட்டில் ஒருவரும் நம்புவதில்லை.
"என்ன பிள்ளை, ஆருக்கும் ஏலாதோ?"
பால்கானோடு வந்தவர் மறித்துக் கேட்டது
முதல் ஞாயிறு.
அடுத்த ஞாயிறு பை கொழுவினேன்.
சந்தைக்காக்கும் என்று
விட்டுவிட்டார்கள்.

வல்லை வெளி.
சோளகம் முதுகில் கை வைக்கிறது.
கரண்டுக் கம்பங்கள் தாமாகவே ஓடி வருகின்றன.
ஆடி மாதம்; தண்ணீர் உள்ளே போய்
கரை நெடுக உப்புப் பூத்திருக்கிறது.
அதில் இரண்டு உள்ளான்கள்
சிவந்த கால்களைத் தூக்கித் தூக்கி வைக்கின்றன,
சுடுகிறதோ என்று பார்ப்பதுபோல.
இருபத்தோராம் கியர்.
நான் பெரிய ஆள்தான் என்று நினைக்கிறேன்.
காற்று ஒன்றும் சொல்லவில்லை.

நெல்லியடி இன்னும் கதவு திறக்கவில்லை.
மந்திகை ஆசுபத்திரி வாசலில் ஓர் ஓட்டோ,
அதற்குள்ளிருந்து வெளியே நீட்டிய
இரண்டு பாதங்களின் நித்திரை.
குடத்தனை தாண்டப் பனை குறைந்து
சவுக்கு தொடங்குகிறது.
உதிர்ந்த ஊசிகளில் சில்லுக்குச் சத்தமே இல்லை.
மேலே மட்டும் ஓர் இரைச்சல், கடல் மாதிரி.
கடல் தன் இரைச்சலை
அப்பால் வேறாக வைத்திருக்கிறது.

பிறகு, மணல்காடு.
மலை என்று எங்களிடம் இருப்பது இவ்வளவுதான்:
வெள்ளையாய், மூன்று ஆள் உயரம்,
தொட்டால் சரியும்.
கியரைக் குறைக்கிறேன். பதினாலு. ஏழு.
மணலுக்கு எண் தெரியாது.
சில்லு புதைய, இறங்கித் தள்ளுகிறேன்.

வலை உதறிக்கொண்டு நின்ற மெற்றில்டா பார்த்துச் சிரித்தாள்.
"போன வருசம் இந்தப் பிட்டி
அந்தக் கொட்டிலுக்கு அங்கால நிண்டது.
வாடைக்குக் கொஞ்சம், சோளகத்துக்குக் கொஞ்சம் நடந்து
இப்ப என்ர கிணத்தடிக்கு வந்திட்டுது.
அதுக்குப் பின்னால நீ வேற சைக்கிளோட."
பிளேன்ரீ தந்தாள். சீனி உள்ளங்கையில்.
பையைப் பார்த்தாள்.
அரைக் கிலோ கருவாடு வாங்கவேண்டியதாயிற்று.
பொய்க்குக் கொழுவிய பை
உண்மையாகிப் போனது.

திரும்பும்போது,
ஒன்பதரை மணிக்கு,
வல்லை வேறு இடம்.
காலையில் முதுகில் இருந்த கை
இப்போது நெஞ்சில் இருக்கிறது.
பதினெட்டு.
பன்னிரண்டு.
தலையைக் குனிகிறேன்; தார் மட்டும் தெரிகிறது,
அதுவும் அசையவில்லை.
பை காற்றை வாங்கி, வீங்கி,
என்னை மணல்காட்டுக்கே திருப்பி இழுக்கிறது.
அதைச் சுருட்டிச் சட்டைக்குள் செருகுகிறேன்,
கருவாட்டோடு.
ஆறு. நாலு.
ஆடு சாய்த்துக்கொண்டு நடந்து போன பெடியன்
என்னை முந்தினான்.
முந்திவிட்டுத் திரும்பியும் பார்த்தான்.

ஒன்று.
டக் என்று சங்கிலி
பெரிய பல்லில் ஏறிய சத்தம் கேட்டது.
பனிக்குளிரில், எந்த ஏத்தத்திலோ
அத்தான் கடைசியாக மிதித்த பல்.
அதில் நின்று, அடி அடியாக,
வானத்துக்கும் உப்புக்கும் நடுவில்
தட்டையான ஒரு மலையை ஏறினேன்.

இரவு அத்தான் எடுத்தார்.
"சின்னக் கியர் துருப்பிடிக்க விடாத.
இஞ்ச அது இல்லாட்டி வீடு வந்து சேரேலாது."
"இண்டைக்குப் பாவிச்சன்."
"அங்க எங்கயடி ஏத்தம்?"
"வல்லையில."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
லைன் விட்டுவிட்டதாக்கும் என்று பார்த்தேன்.
செக்கன்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு, மெல்ல,
"சோளகமோ?" என்றார்.